பழைய மினியின் சுப்பர்சார்ஜர்: வீட்டு மேசையில் எதுவரை கழற்றலாம்?

பழைய மினி கூப்பர் எஸ் கார் சூடேறத் தொடங்கினால் ரேடியேற்றரையும் தேர்மோஸ்டாட்டையும்தான் எவரும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் 2006 வரை தயாரிக்கப்பட்ட, ஆர்53 என்ற குறியீடு கொண்ட மொடலில் கோளாறு சுப்பர்சார்ஜருக்குள்ளேயே இருக்கலாம். இந்தக் காரில் வோட்டர் பம்ப்பை நேரடியாகச் சுழற்றுவது பெல்ட் அல்ல. சுப்பர்சார்ஜரின் பின்பக்கத்தில் உள்ள சிறிய கியர்த் தொகுதியே அதைச் சுழற்றுகிறது. அந்தக் கியர்களுக்குத் தனியாக ஒரு சிறிய ஒயில் அறை உண்டு. அதை மாற்ற வேண்டியதில்லை என்ற கணக்கில்தான் கார் விற்பனைக்கு வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல சீல் வழியாக ஒயில் கசிந்து அறை வற்றுகிறது. கியர்ப் பற்கள் தேய்ந்து போனால் பம்ப் நின்றுவிடும். இரும்பு புளொக்கின் மேல் அமர்ந்திருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோக அதிக நேரம் எடுக்காது. எனவே இந்த சார்ஜரைத் திறந்து பார்ப்பது வேகப் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல, எஞ்சினைக் காப்பாற்றும் வேலையும்கூட.

உள்ளே இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் எம்45. ரூட்ஸ் வகை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகுழாயின் வழித்தோன்றல் இது. மூன்று மடல்கள் கொண்ட, முறுக்கிய இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் காற்றை எஞ்சின் பக்கம் தள்ளுகின்றன. இந்த வகைக்குள் காற்று அழுத்தப்படுவதில்லை. தள்ளப்பட்ட காற்று வெளியே நெருக்கப்படும்போதுதான் அழுத்தம் கூடுகிறது, கூடவே வெப்பமும் கூடுகிறது. இந்த வெப்பம்தான் பின்னால் வரும் எல்லா மாற்றங்களுக்கும் எல்லை போடுகிறது.

காரிலிருந்து இறக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முன்பக்கத்தை முன்னால் இழுத்து வைத்து, எஞ்சின் மேலே இருக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, கூலன்டை வடித்த பிறகுதான் சார்ஜர் கைக்கு வரும். மேசையில் வைத்ததும் முதல் வேலை, முன் பின் இரண்டு அறைகளின் ஒயிலையும் தனித்தனிக் கிண்ணங்களில் வடிப்பது. கறுத்த ஒயில் வந்தால் அதிகம் பயப்பட வேண்டாம். உலோகத் துகள் மின்னினால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், கியர்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்து முன்பக்க மூக்கு. போல்ட்களைக் கழற்றிய பிறகும் அது பசையோடு ஒட்டி நிற்கும். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகத்தான் நாளை ஒயில் ஒழுகும். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும். உள்ளே தண்டையும் ரோட்டர் கியரையும் பின்களால் இணைக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். ஐடிலில் கேட்கும் கடகட சத்தத்துக்கு மிகப் பொதுவான காரணம் அதன் துளைகள் தேய்வது. மலிவான பாகம், தயங்காமல் மாற்றலாம்.

பெயரிங்குகள் இறுக்கமாகப் பொருந்தியவை. சூடானால் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே மூக்கின் உறையை 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பெயரிங் அடியில்லாமல் வெளியே வரும். (சமையலறை அவனைப் பயன்படுத்துபவர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

வீட்டில் தொடவே கூடாத இடம், ரோட்டர் தண்டுகளில் அழுத்திப் பொருத்தப்பட்ட டைமிங் கியர்கள். ரோட்டர்கள் மோதாமல் சுழல்வது அவற்றின் கோணத்தால்தான். உரிய தாங்கி இல்லாமல் கழற்றினால், திரும்பப் போடும்போது மிகச் சிறிய பிசகும் ரோட்டரை ரோட்டரோடு உரசவைக்கும். கையால் சுழற்றும்போதே உரசும் ஒலி கேட்கிறதென்றால் அந்த யூனிற்றைப் பாகங்களுக்காக வைத்துக்கொண்டு வேறொன்று தேடுவதே செலவு குறைந்த வழி. மாறாக, ரோட்டர் மேற்பூச்சு சில இடங்களில் உதிர்ந்திருப்பது பெரிய விடயமல்ல. அதை எமரித் தாளால் தேய்க்கப் போவதுதான் ஆபத்து, இடைவெளி கூடிவிடும்.

பூட்டும்போது சீலன்ட் மெல்லிய கோடாக மட்டும் இருக்க வேண்டும். பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் பெயரிங்கில் சிக்கும். ஊற்ற வேண்டியது இந்த சார்ஜர்களுக்கென விற்கப்படும் செயற்கை ஒயில். எஞ்சின் ஒயில் அதற்கு மாற்றாகாது. பைபாஸ் வால்வையும் இப்போதே அசைத்துப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது கார் விட்டு விட்டு இழுக்கிறது என்ற முறைப்பாட்டுக்குப் பல நேரம் அதுதான் பதில்.

இனி மாற்றம். பெரும்பாலானோர் செய்வது மெக்கானிக்குகள் புலி என்று சொல்லும் கப்பியைச் சிறிதாக்குவது. விட்டத்தை 15 வீதம் குறைத்தால் சார்ஜரின் வேகம் 15 வீதம் அல்ல, ஏறக்குறைய 17.6 வீதம் கூடும். 19 வீதம் குறைத்தால் 23 வீதத்துக்கும் மேல். சார்ஜர் ஏற்கெனவே எஞ்சினைப் போல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்பதால் இது சிறிய தாவல் இல்லை. பழைய கப்பியை உரிய இழுவையால் மட்டுமே எடுக்க வேண்டும். சுத்தியல் அடி நேராகப் பெயரிங்கில் இறங்கும். பெல்ட்டும் சற்றுக் குட்டையானது தேவை.

எஞ்சினின் அமுக்க விகிதம் 8.3:1 என்பதால் கூடுதல் காற்றுக்கு இடமுண்டு. ஆனால் சூடான காற்றோடு தரம் குறைந்த பெற்றோல் சேர்ந்தால் எஞ்சின் தட்டும். இலங்கையில் பரவலாகக் கிடைப்பது ஒக்டேன் 92, 95. சிறிய கப்பி போட்டவர்களுக்கு 92 பொருந்தாது. 95 ஊற்றினாலும் ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக்கும் கணினி அமைப்பில் திருத்தமும் வேண்டும். எமது வெயிலுக்கு 15 வீதத்தோடு நிறுத்துவதுதான் நியாயம். 19 வீதத்தில் கிடைப்பதில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. உள்வரும் காற்றுவழியை மெருகூட்டி அகலப்படுத்துவது பாதுகாப்பான வேலை. காற்று வெளியேறும் துளையின் வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டாம், ரோட்டர் எப்போது திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

பாவித்த யூனிற் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்க முன் பின்பக்க அறையின் ஒயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் விலையைக் கேட்கவே வேண்டாம்.