எரியாத கூரை: வாவிக்கரையிலிருந்து ஒரு தேடல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலுள்ள காத்தான்குடி, ஏறாவூர் போன்ற நம் ஊர்களின் வீட்டு வரலாற்றை யாரேனும் எழுதப் புகுந்தால், கூரையிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன். களிமண்ணும் உமியும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர் நெருப்புக்கு நின்று பிடிக்கும். தென்னோலைக் கிடுகு பிடிக்காது. குசினியை வீட்டோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டியதற்கு இதுவே காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் "அடுப்ப நூத்துட்டியா புள்ள?" என்று மூத்தம்மாமார் இரவில் இரண்டு தடவை கேட்பார்கள். 80களிலும் 90களிலும் கிடுகு வீடுகள் அடுப்பு நெருப்பால் மட்டும் எரியவில்லை என்பதை இந்தக் கரையில் இரு சமூகத்தாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே சீற் வந்தபோது அது நிம்மதியாக வந்தது. வசதியுள்ளவர் ஓடு போட்டார்; மற்றவர் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகள் பலவற்றின் மேலும் அதுவே ஏறியது. மலிவு, மழைக்கு நிற்கும், எரியாது.

எரியாத இந்தக் கல்நார் நம் முன்னோருக்குப் புதிதல்ல. 10ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்முகத்தஸி, தம் 'அஹ்ஸனுத் தகாஸீம்' நூலில் பதக்‌ஷான் மலைநாட்டின் 'ஹஜருல் ஃபதீலா', அதாவது திரிக்கல் பற்றி எழுதியிருக்கிறார். அதை விளக்குத் திரியாக்கினார்கள், விரிப்பாகவும் நெய்தார்கள். விரிப்பு அழுக்கானால் தண்ணீரில் அல்ல, அடுப்பில் போட்டுச் சுத்தம் செய்தார்களாம். வியப்புக்குரிய பொருள்தான். அதன் தூசி நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்பது உலகுக்குத் தெளிவாக 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. நார் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சீற்றை வாளால் அறுப்பவரும், உடைந்த துண்டுகளை அள்ளுபவரும், அந்த உடுப்பைக் கழுவும் வீட்டுப் பெண்ணும் முதலில் மூச்சில் வாங்குபவர்கள்.

இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடை செய்தது, வெள்ளையை விட்டுவைத்தது. பிறகு அதையும் 2018 முதல் கட்டுப்படுத்துவதாக அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் பெருமளவில் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். சில நாட்களில் தேயிலைக்கு வழி திறந்தது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் தள்ளிப் போனது. இரண்டுக்கும் தொடர்பிருப்பதாகப் பலர் எழுதினார்கள். வண்டு மட்டுமே காரணம் என்று நம்ப எனக்கும் மனம் வரவில்லை.

மாற்று இல்லையா? பிரான்சில் 1970 நவம்பர் 1ஆம் திகதி சென்-லொரோன்-டியூ-போன் என்ற ஊரின் நடன மண்டபத்தில் பிளாஸ்ரிக் நுரை அலங்காரம் தீப்பற்றி 146 பேர் மாண்டார்கள். அக்காலத் தீவிபத்துகளால் கலங்கிய இரசாயனவியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ், எரியாத பிளாஸ்ரிக்கைத் தேடி 1972இல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். எண்ணெயை விட்டுக் களிமண்ணுக்குப் போனார். வெண்களியை ஏறத்தாழ 750 பாகை செல்சியசில் சுட்டு, காரமும் சோடியம் சிலிக்கேற்றும் சேர்த்தால், சூளையில் மீண்டும் வைக்காமலே இறுகுகிறது. சிலிக்காவும் அலுமினாவும் சங்கிலியாகக் கோர்த்துக்கொள்கின்றன. கனிமப் பல்பகுதியம், 'ஜியோபொலிமர்' என்றார். அவருடைய முதற்பயன்களில் ஒன்று மரத்தூள் பலகைக்குத் தீக்காப்பு மேற்பூச்சு. 1950களிலேயே கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி இதே திசையில் நடந்திருந்தார். 90களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் கரிநாருடன் சேர்த்துச் சோதித்தபோது அது தீப்பற்றவுமில்லை, புகையவுமில்லை.

இதற்கு வேண்டிய சரக்கில் பாதி நம் கண்முன் கிடக்கிறது. படுவான்கரை நெல்லைக் குத்தும் ஆலைகளின் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. வெண்களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்தே இருக்கின்றன. வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டு 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை எழுப்பிய மாவட்டம் இது. வயல் மிச்சத்திலிருந்து தொழில் செய்வது இங்கு கனவுப் பேச்சல்ல.

ஆனால் கவனம் வேண்டும். இறுகிய பொருள் நஞ்சற்றது. குழைக்கும் காரமோ தோலையும் கண்ணையும் சுடும். பின்முற்றத்தில் வெறுங்கையால் செய்கிற வேலையல்ல. உமிச் சாம்பலையும் பதமாக எரிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் சிலிக்கா பளிங்காகி வினைபுரிய மறுக்கும், அதன் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது.

சுவர்ப்பூச்சு, அடுப்படிப் பலகை, ஆலைகளின் தடுப்புச் சுவர் ஆகியவற்றை இன்றே தொடங்கலாம். கூரைச் சீற்றுக்குத்தான் இன்னொரு சிக்கல்: கல்நார் தந்த இழுவலிமையை வேறு நார் தர வேண்டும். நம் தென்னந்தும்பு மலிவு. ஆனால் காரம் அதை மெல்ல அரிக்கும். தும்பை முதலில் பதப்படுத்துவதா, கண்ணாடி நாருக்கோ எரிமலைக்கல் நாருக்கோ போவதா என்பதை நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகூடங்கள் உமிச் சாம்பலோடு வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.