தமிழ் உரைநடையில் சுருக்கமும் தெளிவும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், நூலின் அழகுகள் பத்தினுள் சுருங்கச் சொல்லுதலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை இரண்டாவதாகவும் எண்ணுகிறது. இவை வெவ்வேறு பண்புகள் என்பதும், ஒன்று மற்றொன்றைத் தானே தந்துவிடாது என்பதும் இப்பகுப்பாலேயே பெறப்படும். எனினும், வாக்கியத்தை வெட்டினால் தெளிவு பிறந்துவிடும் என்னும் நம்பிக்கை மொழிபெயர்ப்பாளரிடையே வேரூன்றியுள்ளது. உரைநடை வரலாறு இதற்குச் சான்று தரவில்லை.

பரிமேலழகரின் திருக்குறளுரை செறிவுக்குப் பெயர்பெற்றது. அச்செறிவு, ஆசிரியரிடம் பாடங்கேட்கும் மாணாக்கரை நம்பி அமைந்தது. எழுத்தில் விடுபட்டதை வாய்மொழி விளக்கம் நிரப்பியது. அச்சு நூலை வாங்கித் தனித்துப் படித்தவருக்கோ ஐயம் கேட்க ஆளில்லை.

இம்மாற்றத்தை உணர்ந்து எழுதியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). 1852இல் அவர் வெளியிட்ட பெரியபுராண வசனம் கல்வியறிவு குறைந்தோரையும் கருதியது. (கண்டன நூல்களில் அவர் நடை வேறு.) அவ்வசனத்தின் வாக்கியங்கள் குறுகியவையல்ல, பல, பத்தியளவு நீள்பவை. ஆயினும் வாசகர் இடர்ப்படுவதில்லை. நிகழ்ச்சிகள் நடந்த முறையிலேயே வினையெச்சங்கள் அடுக்கப்படுகின்றன. நிறுத்தக்குறி ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஒரு செயல் முடிந்தபின்னரே அடுத்தது தொடங்குகிறது. மனத்தில் தாங்கிக் காத்திருக்க வேண்டியது சிறிதே.

பெயரெச்ச அடுக்கின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ‘மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்பட்ட குழு பரிந்துரைத்த திட்டத்தை ஏற்ற ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட நிதி போதவில்லை’ என்பதில் 11 சொற்களே உள்ளன. ஆனால் எதைப் பற்றிய கூற்று இது என்பது பத்தாம் சொல்லில்தான் தெரிகிறது. ஆட்சித்துறை மொழிபெயர்ப்புகளில் இவ்வமைப்பு மலிந்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும் அடைத்தொடர்கள் அனைத்தும் தமிழில் பெயருக்கு முன்னே குவிகின்றன.

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, சிறு வாக்கியங்களால் புதிதாக எழுத்தறிந்தோரை எட்டியது. செய்திக்கு அந்நடை மிகவும் பொருந்தும். வாதத்துக்கு அதை அப்படியே கொள்வது தவறு என்பது என் கருத்து. ‘ஆதலால்’, ‘ஆயினும்’ போன்ற இணைப்புகளும் வெட்டுண்டு, காரணமும் விளைவும் தனித்தனிச் செய்திகளாக நின்றுவிடும்.

மேற்காட்டிய தொடரை நாவலர் வழியில் இவ்வாறு பிரிக்கலாம்: ‘மாவட்ட ஆட்சியர் ஒரு குழுவை நியமித்தார், அக்குழு ஒரு திட்டத்தைப் பரிந்துரைத்தது, அதை ஏற்ற ஊராட்சிகளுக்கு நிதி வழங்கப்பட்டது, அது போதவில்லை.’ சொற்கள் 16 ஆகின்றன. ஒரு பெயரெச்சம் மட்டும் எஞ்சுகிறது. அதை நீக்க வேண்டியதில்லை.