விலா எலும்புக்குக் கீழே ஒரு இருதயம்

மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிற ஒரு அம்மா. மைட்ரல் வால்வு சுருக்கம். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சதும் அவங்க கேட்ட ஒரே கேள்வி: "புதுச்சேரியில இருதய ஆண்டவர் கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடட்டுமா சார்?" அவங்க கிறிஸ்தவர் இல்லை. அவங்களுக்கு அது இருதயத்துக்கான கோயில், அவ்வளவுதான்.

அன்னைக்கு யோசிச்சதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம்.

ஈசிஆர்ல மரக்காணத்திலிருந்து தெற்கே சுமார் 35 கி.மீ. ரயில் நிலையம் பக்கத்துல, சுப்பையா சாலையில, வெள்ளையும் செம்பழுப்புமா நிக்குதே, அதுதான் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1902-ல் வேலை ஆரம்பம். முன்னின்று நடத்தியவர் வெல்தேர் என்ற பாதிரியார். 1907 டிசம்பர் 17-ல் பேராயர் கான்தி மந்திரித்துத் திறந்தார். 'பசிலிக்கா' என்ற தகுதி 2011-ல்தான் கிடைச்சது.

அந்த வருஷங்களைக் கவனியுங்க. 1870-71-ல் பிரான்ஸ் ஜெர்மானியர்களிடம் தோத்துப்போச்சு. பாவப் பரிகாரமா பாரிஸ் குன்று மேல திரு இருதயத்துக்கு ஒரு பெரிய கோயில் கட்டணும்னு பக்தர்கள் நேர்ந்துக்கிட்டாங்க. 1875-ல் அடிக்கல். 1899-ல் போப் பதின்மூன்றாம் லியோ மனிதகுலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். ஆனா 1905-ல் அதே பிரான்ஸ், அரசும் திருச்சபையும் வேற வேறன்னு சட்டம் போட்டுடுச்சு. தாய்நாட்டுல உறவு முறிஞ்ச அந்த வருஷத்துல, பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில கொத்தனார்கள் இந்தத் தூண்களை எழுப்பிக்கிட்டு இருந்தாங்க. இதை வெறும் பக்திக் கட்டடமா மட்டும் என்னால பார்க்க முடியலை. அதுல ஒரு பிடிவாதமும் இருக்கு.

இன்னொரு விஷயம். பாரிஸ் கோயில் கோதிக் பாணி இல்லை. குவிமாடம் வச்சது. புதுச்சேரியில கட்டினவங்க அதைக் காப்பியடிக்காம, பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரான்ஸின் கூர்முனை வளைவைத் தேர்ந்தெடுத்தாங்க. அரைவட்ட வளைவு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். கூர்முனை வளைவு பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கிடும். அதனால சுவரைத் திறந்து பெரிய ஜன்னல் வைக்கலாம். உள்ளே 24 தூண்கள். தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்க, வளைஞ்சு போற வரிகள் தெரியும். கட்டடக்காரங்க அதுக்கு வச்ச பேரே 'ரிப்'. விலா எலும்பு! இருதயத்தை எங்க வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஜன்னல்கள்ல இருதய ஆண்டவரும், அவர் பக்தியில் தோய்ந்த புனிதர்களும். புனிதர்களின் கண்ணாடி ஓவியங்கள் மட்டும் 28. இந்தக் கலையில நிறம் பூச்சு இல்லை, கண்ணாடிக்குள்ளேயே இருக்கு. கோபால்ட் சேர்த்தா நீலம், தங்கமோ செம்போ சேர்த்தா சிவப்பு. முகத்தின் கோடுகளை மட்டும் இரும்புத் துரு கலந்த கறுப்பு மையால் வரைஞ்சு சூளையில சுடுவாங்க. துண்டுகளைச் சேர்ப்பது ஈயப் பட்டை.

டாக்டர் கண்ணோட பார்த்தா திரு இருதயப் படம் விசித்திரமானது. இருதயம் நெஞ்சுக்கு வெளியே, நட்டநடுவுல. மேலே தீ, சுத்தி முள், பக்கத்துல ஈட்டிக் காயம். யோவான் நற்செய்தியில் ஈட்டி பட்டதும் "இரத்தமும் தண்ணீரும்" வந்ததா இருக்கு. நுரையீரலைச் சுற்றியோ இருதய உறையிலோ தேங்கின நீரா இருக்கலாம்னு எங்க ஆட்கள் எழுதிக் குவிச்சிருக்காங்க. எந்தப் பக்கம் குத்தினாங்கன்னு நற்செய்தி சொல்லலை. ஓவியர்கள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் வரைஞ்சாங்க.

இருதயம் ரத்தத்தைச் சுற்றவிடும் பம்புன்னு ஹார்வி எழுதியது 1628. மார்கரெட் மேரி என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி எரியும் இருதயத்தைக் காட்சியில் கண்டதா சொன்னது 1673. வெறும் 45 வருஷ இடைவெளி.

'மைட்ரல்'? ஆயர் தலையில வைக்கிற கூம்புத் தொப்பிக்கு 'மைட்டர்'னு பேரு. அந்த வால்வு அதைக் கவிழ்த்து வச்ச மாதிரி இருக்குன்னு ஒப்பிட்டவர் வெசாலியஸ், 1543-ல்.

அந்த அம்மா போயிட்டு வந்தாங்க. ஜன்னல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "ஜன்னல் அழகுதான் சார். ஆனா திரும்பி வர்ற வழியில ஒரு பழைய காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன், உப்பு பூத்திருக்கு. மேல சிமென்ட் பூசி வச்சிருக்காங்க"ன்னாங்க. கடற்காத்து உப்பு செங்கலுக்குள்ள போய்ப் படிகமாகும்போது விரியும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுடும், உப்பு பூச்சிலேயே உதிரும். சிமென்ட் அடைச்சுடும், உள்ளே செங்கல் பொடியும். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை அவங்க ஒரு வரியில சொன்னாங்க: "பாத்தியில தண்ணி வத்தினாத்தான் சார் உப்பு கட்டும். சுவரும் அப்படித்தானே?"

ஆபரேஷன் அடுத்த வாரம் முடிஞ்சது. இப்ப வால்வு நல்லா திறந்து மூடுது.