செவ்விலை வேட்டை

தமிழில் 'இலையுதிர்காலம்' என்றொரு சொல்லை வழங்குகிறோம். அச்சொல் இலை உதிர்வதை மட்டுமே சொல்கிறது. உதிர்வதற்கு முன் நிறம் மாறி மரத்தில் நிற்கும் சில நாட்களைப் பற்றி அதனிடம் செய்தி எதுவுமில்லை. நம் பெரும்பொழுதுகளுள் ஒன்றான கூதிர், மழையும் வாடையும் கொண்ட காலம். மலை முழுவதும் சிவந்து நிற்கும் பருவம் நம் நிலத்தில் இல்லாததால் அதற்கொரு பெயரும் நமக்குத் தேவைப்படவில்லை. ஜப்பானியருக்கோ அந்தச் சில நாட்கள்தாம் இலையுதிர்காலத்தின் உயிர். அந்நாட்களில் மலைக்குச் சென்று இலைகளைக் கண்டு திரும்புவதை அவர்கள் 'மோமிஜிகரி' என்று அழைக்கிறார்கள். 'மோமிஜி' என்றால் நிறம் மாறிய இலை. 'கரி' என்றால் வேட்டை. (யானையைக் குறிக்கும் நம் 'கரி'க்கும் இதற்கும் தொடர்பில்லை.)

இலையைப் பார்த்து வருவதற்கு ஏன் வேட்டை என்று பெயர்? விலங்கு வேட்டையைக் குறித்த இச்சொல், மலையில் காளானும் பழமும் தேடிச் சேகரிப்பதையும் குறிக்கலாயிற்று. பின்னர் பூவையும் இலையையும் தேடிச் செல்வதற்கும் அதுவே ஆகி வந்தது. எதையும் கொல்லாமலும் பெரும்பாலும் எதையும் கொண்டுவராமலும் முடிகிற இந்த வேட்டை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அப்படியானால் வேட்டையாடியவர்களுக்குக் கிடைத்ததுதான் என்ன? இக்கட்டுரையில் அதையே பார்க்க முயல்கிறோம்.

கதை ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறது. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட தென்ஜி பேரரசர், வசந்தகால மலையின் பூக்கள் அழகா, இலையுதிர்கால மலையின் இலைகள் அழகா என்று அவையோரைக் கேட்டார். அதற்குத் தீர்ப்பாக அமைந்தது இளவரசி நுகதா இயற்றிய கவிதை. 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு, 20 தொகுதிகளில் ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்ட 'மன்யோஷு'வில் அக்கவிதை இடம்பெற்றுள்ளது. அவர் இலையின் பக்கம் தீர்ப்பளித்தார். வசந்தத்தில் மலையில் புல்லும் புதரும் மண்டிக் கிடப்பதால் உள்ளே சென்று பூவைப் பறிக்க இயலாது. இலையுதிர்காலத்திலோ இலையைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. எது அழகு என்ற கேள்விக்கு, எதை நெருங்க முடிகிறது என்று நோக்கி விடை சொன்னது நம்மைப் பெரிதும் கவர்கிறது. மலைக்குள் நடந்து செல்வதும் இலையை ரசிப்பதும் தொடக்கத்திலேயே ஒன்றாகப் பிணைந்துவிட்டன.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. மன்யோஷுவில் 'மோமிஜி' பெரும்பாலும் 'மஞ்சள் இலை' என்று பொருள்படும் சீன எழுத்துகளாலேயே எழுதப்பட்டது. 'சிவந்த இலை' என்று எழுதும் வழக்கம் அடுத்து வந்த ஹெயான் காலத்தில்தான் (794–1185) நிலைபெற்றது. முன்னது பழைய சீனக் கவிதை மரபின் வழக்கு என்றும், பின்னதற்கு ஹெயான் அரசவையினர் விரும்பிப் படித்த சீனக் கவிஞர் பை ஜுயியின் (772–846) செல்வாக்கு ஒரு காரணம் என்றும் விளக்கம் தருவர். மலையில் மரங்கள் மாறியிருக்க வேண்டியதில்லை. படித்த நூல் மாறியதும் பார்க்கும் நிறமும் மாறியிருக்கிறது. முதலில் நிறம் மாறிய எந்த இலைக்கும் பொதுவாக இருந்த 'மோமிஜி' என்ற சொல், நாளடைவில் மேப்பிள் மரத்துக்கே சிறப்புப் பெயராயிற்று. அம்மரத்தின் மற்றொரு பெயரான 'கயெடே', 'தவளைக் கை' என்ற சொல்லிலிருந்து வந்தது. விரல்களை விரித்தாற்போன்ற அந்த இலையைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

இயற்கையில் நிகழ்வதையும் சற்று அறிந்துகொள்வோம். குளிர் வந்ததும் இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்தின் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பின் கதை வேறு. இலைக் காம்பின் அடியில் தடுப்புப் படலம் உருவாகும்போது இலையிலேயே தேங்கிவிடும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. உதிரப்போகும் இலை கடைசியாகச் செய்யும் வேலை இது. இரவின் குளிரும் பகலின் வெயிலும் சேர்ந்தால் நிறம் கூடுகிறது. ஆகவே சிவப்பு மலையுச்சியில் தொடங்கி அடிவாரம் நோக்கி இறங்குகிறது. நாடு முழுவதையும் நோக்கினால் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. வடகோடி ஹொக்கைடோவின் தைசெட்சு மலைத்தொடரில் செப்டம்பரில் தொடங்கும் இக்காட்சி, கியோட்டோ நகரை நவம்பர் பிற்பகுதியில்தான் வந்தடைகிறது.

ஹெயான் காலத்தில் இலை காணச் செல்வது அரசவையினரின் பெருவிழாவாக இருந்தது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சி கதை'யின் ஏழாம் அத்தியாயத்துக்கே செவ்விலை விழாவின் பெயர்தான். ஆனால் அழகு அரண்மனைக்குள் அடங்கியிருக்கவில்லை. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் கானோ ஹிதெயோரி என்ற ஓவியர் 16-ஆம் நூற்றாண்டில் தீட்டிய மடிப்புத் திரை ஒன்று தேசியப் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்படுகிறது. கியோட்டோவின் வடமேற்கிலுள்ள தகாவோ மலைப்பகுதியில், கியோதகி ஆற்றங்கரையில் மக்கள் மேப்பிள் இலைகளைக் கண்டு களிக்கும் காட்சி அது. பெண்கள் குழந்தைகளோடு வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். ஆண்கள் குடித்து ஆடுகிறார்கள். தேநீர் விற்பவனும் வந்துவிட்டான். தொலைவில் அதாகோ மலை பனி மூடி நிற்கிறது. பண்டைய ஓவியங்களில் கடவுளரையும் அரசரையும் பார்த்துப் பழகிய நமக்கு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மலைக்கு வந்த குடும்பங்களை அதில் காண்பது பெருமகிழ்ச்சி தருகிறது.

எதோ காலத்தில் அரசே இதற்கு வழிசெய்தது. எட்டாம் ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே (ஆட்சி 1716–1745) தலைநகர் எதோவின் அருகிலுள்ள அசுகாயாமா குன்றில் செர்ரி மரங்களையும், தகினோகாவா ஆற்றோரத்தில் மேப்பிள் மரங்களையும் நடச் செய்தார். இரண்டும் சாதாரண மக்கள் ஒரே நாளில் நடந்து சென்று திரும்பக்கூடிய இடங்கள். மலைக்குச் செல்ல இயலாத நகரத்தாருக்காக மலைச் சாரலின் ஒரு துண்டு ஊருக்கருகே கொண்டுவரப்பட்டது எனலாம்.

இவ்வளவு இனிய வழக்கத்துக்குள் ஓர் அச்சமும் உறைந்திருக்கிறது. 1516-இல் மறைந்த கன்ஸே நோபுமிட்சு எழுதிய நோ நாடகம் ஒன்றின் பெயரே 'மோமிஜிகரி'. தைரா நோ கொரெமோச்சி என்ற வீரன் மான் வேட்டைக்காக தொகாகுஷி மலைக்குச் செல்கிறான். அங்கே மேப்பிள் நிழலில் உயர்குடிப் பெண்கள் இலை கண்டு விருந்துண்கிறார்கள். அவர்களுக்கு இடையூறு ஆகாதபடி குதிரையை விட்டிறங்கி விலகிப்போக முயன்றவனை அவர்கள் அழைத்து மது தருகிறார்கள். அழகிலும் மதுவிலும் மயங்கி அவன் உறங்கிவிடுகிறான். கனவில் தெய்வத்தின் எச்சரிக்கையும் வாளும் கிடைக்க, விழித்தெழுந்து, பேயுருக் கொண்ட பெண்ணோடு பொருது வெல்கிறான். மானை வேட்டையாட வந்தவன், இலையை வேட்டையாட வந்தவர்களால் தானே வேட்டையாடப்பட இருந்தான். 'வேட்டை' என்ற சொல்லின் கூர்மையை இந்நாடகம் நன்கு பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் இது தலைநகரிலிருந்து பார்த்த கதை. மலையிலிருந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. தொகாகுஷிக்கு அருகே கினாசா என்றோர் ஊர் இருக்கிறது. 2005-இல் அது நாகானோ நகரத்துடன் இணைக்கப்பட்டது. 'பேயில்லாத ஊர்' என்று பொருள்படும்படி அதன் பெயரை எழுதுவார்கள். அப்பெண்ணின் பெயர் மோமிஜி என்றும், கியோட்டோவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்தவர் என்றும், ஊராருக்கு எழுத்தும் கலைகளும் கற்றுத்தந்து நோயும் தீர்த்தவர் என்றும் அவ்வூர் மரபு சொல்கிறது. கிழக்குத் தலைநகர், மேற்குத் தலைநகர் என்று பொருள்படும் இடப்பெயர்கள் இன்றும் அங்குள்ளன. தொலைந்துபோன கியோட்டோவை எண்ணி ஏங்கிய பெண்ணின் நினைவு அவற்றில் உள்ளதாக ஊரார் கொள்கின்றனர். இதை வரலாறு என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். எனினும் நாடகம் பேய் என்று முடிவுகட்டிய ஒருத்தியை அவள் வாழ்ந்த மலை மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள் என்பது எந்த வரலாற்று மாணவனும் பொருட்படுத்த வேண்டிய செய்தி.

இந்நாடகம் 1887-இல் கபுகியாக மேடையேறியது. 1899 நவம்பரில் ஒன்பதாம் இச்சிகாவா தன்ஜூரோவும் ஐந்தாம் ஓனோவே கிக்குகோரோவும் அதன் ஒரு பகுதியை நடிக்க, ஷிபாதா த்சுனெகிச்சி தோக்கியோவில் திறந்தவெளியில் படமாக்கினார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஜப்பானியத் திரைப்படம் அதுவே. படப்பிடிப்பின்போது வீசிய காற்று தன்ஜூரோவின் கையிலிருந்த விசிறியைப் பறித்துச் சென்றது. மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். 2009-இல் அப்படச்சுருள் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. திரைப்படம் ஒன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை.

இன்றைய வேட்டைக்காரர்கள் கால்வலியையும் பொறுத்துக்கொள்கிறார்கள். வடக்கு ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்திலுள்ள கராசாவா பள்ளத்தாக்கின் சிவப்பைக் காண, காமிகோச்சியிலிருந்து ஆறு மணி நேரம் நடக்கவேண்டும். செப்டம்பர் இறுதியில் அங்கே கூடாரங்கள் நிறைந்துவிடுகின்றன. அவ்வளவு நடக்க இயலாதவர்கள் ஒசாக்காவுக்கு அருகிலுள்ள மினோ மலைக்குச் செல்லலாம். 33 மீட்டர் அருவிவரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் இனிய நடை. வழியெல்லாம் மேப்பிள் இலையில் செய்த பலகாரம் கிடைக்கும். ஓராண்டு உப்பிலிட்ட இலையை, எள்ளும் சர்க்கரையும் சேர்த்த மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். நம் பஜ்ஜிக்கு அது தூரத்து உறவு.

இனி நம் தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். வேட்டையில் கிடைத்தது என்ன? கியோட்டோவின் அரசவையினரும் துறவிகளும் இலை காணச் சென்று வந்த நாளைத் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். வானிலை ஆராய்ச்சிக்கென்று அவர்கள் எழுதவில்லை. இன்று இன்ன மலைக்குச் சென்றோம், இலைகள் நன்கு சிவந்திருந்தன என்று மகிழ்ச்சியைத்தான் பதிந்தார்கள். யசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் அக்குறிப்புகளைத் தேடித் தொகுத்து, 12-ஆம் நூற்றாண்டு முதல் கியோட்டோவில் நிலவிய இலையுதிர்கால வெப்பநிலையைக் கணித்து, 2014-இல் இணை ஆசிரியர் ஒருவருடன் வெளியிட்டார். வெப்பமானி இல்லாத காலத்துக்கு மேப்பிள் மரமே வெப்பமானியாயிற்று. அதைப் படித்துச் சொன்னவர்கள் இன்பச் சுற்றுலா சென்றவர்கள்.

ஜப்பானிய வானிலை ஆய்வகம் 1953 முதல் நாடெங்கும் மேப்பிள் சிவக்கும் நாளை முறையாகக் குறித்து வருகிறது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் வீதம் அந்நாள் தள்ளிப்போய்க்கொண்டிருப்பதை அப்பதிவுகள் காட்டுகின்றன. 2021-இல் அந்த ஆய்வகம் தாவர, விலங்குக் கவனிப்புகள் பலவற்றைக் கைவிட்டபோதும் மேப்பிளை விட்டுவிடவில்லை. ஹைக்கூ பருவச்சொல் அகராதியில் 'மோமிஜி' இலையுதிர்காலத்துக்கு உரியது. அப்பருவமோ மரபு நாட்காட்டியின்படி நவம்பர் 7-ஆம் நாளையொட்டி முடிந்துவிடுகிறது. கியோட்டோவில் மலை சிவக்கும்போது ஏட்டில் குளிர்காலம் பிறந்திருக்கிறது. 'குளிர்கால மோமிஜி' என்றொரு சொல்லும் அகராதியில் உண்டு. ஒரு காலத்தில் தப்பி நின்ற கடைசி இலைகளுக்கு வழங்கிய அச்சொல், இனி பருவத்தின் உச்சத்துக்கே பொருந்திவிடும் போலிருக்கிறது.

வெறுங்கையோடு திரும்பியதாக நாம் நினைத்தவர்கள் தேதிகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தேதிகள் இல்லாவிட்டால் இலை தாமதமாகச் சிவப்பதை நாம் உணர்ந்திருக்கலாம்; எவ்வளவு தாமதம் என்று சொல்ல இயலாது. மலைக்குச் செல்லும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. இலையோ பூவோ மேகமோ, நீங்கள் கண்டு மகிழ்ந்ததை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். அது யாருக்குப் பயன்படும் என்பதை எழுதும்போது அறிய முடியாது. கியோட்டோவின் துறவிகளும் அறிந்திருக்கவில்லை.