மயிலையில் ஒரு கன்னியர் சபை: பயிற்சியும் ஒழுங்கும்

மயிலாப்பூர் துறவுக்கும் கல்விக்கும் நெடுங்காலமாக உறைவிடமாய் விளங்கும் ஊர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கபாலீச்சரம் இங்குளது. இவ்வூர்ச் சமணக் கோயிலில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் பெயராலேயே நேமிநாதம் என்னும் இலக்கண நூல் வழங்குகின்றது என்பர். போர்த்துக்கீசியர் காலத்தில் பிரான்சிஸ்கு சபையினரும் இயேசு சபையினரும் இக்கடற்கரையில் தங்கிப் பணிபுரிந்தனர். 1606ஆம் ஆண்டில் சாந்தோம் தனி மறைமாவட்டமாக அமைந்தபோது அதன் முதல் ஆயராக வந்தவர் அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவரேயாவர். இத்துணைத் துறவு நெறிகள் தங்கிய ஊரில், பெண்டிரே கூடி அமைத்த துறவுச் சபை ஒன்றின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சபை, 'மரியின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபை' என வழங்குவது. 1947 ஆகஸ்டு 15ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற அதே நாளில், சாந்தோமில் தூய தோமா கன்னியர் மட வளாகத்தில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் இச்சபையினரே. கல்லூரியைச் சென்னை மக்கள் நன்கு அறிவர். அதனை நடத்திய கன்னியர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டனர், எவ்வொழுங்கிற் பயின்றனர், யாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர் என்பவற்றை அறிந்தவர் சிலரே. ஒரு துறவுச் சபையின் உண்மை வரலாறு அது எழுப்பிய கட்டடங்களில் இல்லை; அது தன் மக்களைப் பயிற்றிய முறையிலேயே உளது. மேனாட்டிலிருந்து வந்ததாகப் பலரும் கருதும் இச்சபை தமிழ் மண்ணிலேயே பிறந்தது என்பதும், பயிற்றும் அதிகாரம் யாருக்கு உரியது என்னும் வினாவே அதன் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கின்றது என்பதும் இங்குக் காட்டப்பெறும்.

தமிழகத்துப் பெண் துறவியர்

பெண்டிர் கூடித் துறவு வாழ்க்கை நடத்துதல் தமிழர்க்குப் புதுமையன்று. மணிமேகலை பல்வேறு சமயவாதியரின் கொள்கைகளை வஞ்சியிற் கேட்டறிந்து, பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறங்கேட்டே நோன்பில் நிலைபெறுகின்றாள். பயிற்சியின்றித் துறவு நிலைபெறாது என்பதைக் காப்பியப் புலவர் இவ்வாறு உணர்த்துகின்றார். சமணப் பெண் துறவியர் 'குரத்தியார்' எனப் பெயர் பெற்றுக் கல்வி புகட்டியமையைக் கல்வெட்டுக்கள் பலவற்றிற் காணலாம்.

அவற்றுள் வந்தவாசிக்கு அண்மையிலுள்ள வேடல் கல்வெட்டு ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. அது முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என அறிஞர் கொள்வர். கனகவீரக் குரத்தியார் என்னும் தவப்பெண்டிர்க்கு 500 மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கும் அவ்விடத்திருந்த பிற துறவுப் பெண்டிர் 400 பேருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. அப்போது குரத்தியாரின் மாணாக்கியரைப் பாதுகாத்து உணவளிக்கும் பொறுப்பினை அப்பகுதி மக்கள் ஏற்றனர். துறவியர் கூட்டத்திலும் பிணக்கு நேரும் என்பதையும், நேர்ந்தவிடத்துப் புறத்தார் ஒருவர் காத்தாலன்றி ஒருசாரார் தனித்து நிற்க இயலாது என்பதையும் இக்கல்வெட்டுத் தெளிவாகக் காட்டுகின்றது. ஓராயிரம் ஆண்டு கழிந்தபின் மதுரையில் நேர்ந்ததும் ஒருவகையில் இதனோடு ஒப்பிடத்தக்கதே.

மதுரையும் உதகையும்

எலேன் த சப்போத்தென் என்னும் அம்மையார் 1839ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிரான்சு நாட்டு நாந்து நகரிற் பிறந்தவர். 1860ஆம் ஆண்டின் இறுதியில் கிளாரா சபை மடத்தில் சேர்ந்த இவர், நோயின் காரணமாகச் சில வாரங்களிலேயே வீடு திரும்ப நேர்ந்தது. 1864ஆம் ஆண்டில் 'மரி ரெப்பாராத்ரீஸ்' என்னும் சபையை அடைந்து, திருப்பாடுகளின் மரியா என்னும் துறவுப் பெயரைப் பெற்றார். பயிற்சி முடியுமுன்னரே, 1865ஆம் ஆண்டில், இயேசு சபையினர் பொறுப்பிலிருந்த மதுரை மறைபணித் தளத்திற்கு அனுப்பப்பெற்றார். இந்நாட்டுப் பெண்டிர்க்கென அமைந்த கன்னியர் சபை ஒன்றைப் பயிற்றுவது அங்கு அவர்தம் சபையினர்க்கு இடப்பட்ட பணிகளுள் தலையாயது. எனவே தாமே பயிற்சியில் இருந்த ஒருவர், பிறரைப் பயிற்றும் பணி நடைபெற்ற சூழலில் வந்து சேர்ந்தார் என்பது கருதத்தக்கது. 1866இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அவர், மறு ஆண்டிலேயே மதுரைப் பகுதியிலிருந்த மூன்று மடங்களுக்கும் தலைவியானார். அப்போது அவருக்கு வயது 28.

காலப்போக்கில் அம்மடங்களில் கருத்து வேற்றுமை முதிர்ந்தது. 1876ஆம் ஆண்டில் 20 கன்னியர் தம் சபையினின்றும் பிரிந்தனர். திருப்பாடுகளின் மரியாவும் அவருள் ஒருவர். 1874இல் தொடங்கப்பெற்றிருந்த உதகமண்டலத்து மடத்தில் அவர்கள் ஒன்றுகூடினர். அவ்விடம் கோயம்புத்தூர் மறைபணித் தளத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் தலைவர் பாரிசு மறைபணிச் சபையைச் சார்ந்த ஆயர் பார்தூ. அவர் இக்கன்னியரை ஏற்று ஆதரித்தார். வேடலில் அப்பகுதி மக்கள் ஏற்ற பொறுப்பை உதகையில் ஆயர் ஒருவர் ஏற்றார் எனலாம்.

ஆயினும் ஆதரவு ஒன்றே ஒரு சபையை நிலைநிறுத்தப் போதுமானதன்று. திருப்பாடுகளின் மரியா உரோமைக்குச் சென்று முறையிட்டார். 1877 சனவரி 6ஆம் நாள் ஒன்பதாம் பத்திநாதர் 'மரியின் மறைபணியாளர்' என்னும் புதிய சபைக்கு இசைவளித்தார். பயிற்சி இல்லம் பிரான்சு நாட்டுச் சேன்-பிரியே நகரில் அவ்வாண்டிலேயே அமைந்தது. சபை பிறந்தது நீலமலையில். அதன் முதற் பயிற்சி இல்லம் அமைந்ததோ மேனாட்டில். சபையின் பிறப்பிடம் மறக்கப்பட்டு, அது முற்றிலும் அயல்நாட்டது என்னும் எண்ணம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1882ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அசிசி நகர்ப் பிரான்சிசின் திருநாளில், அம்மையார் அப்புனிதரின் மூன்றாம் சபையில் ஏற்கப்பெற்றார். இதன்பின் பிரான்சிசின் எளிமையும் மகிழ்ச்சியும் சபையின் ஒழுங்கில் கலந்தன. ஆனால் 1883இல் அவர் தலைமைப் பொறுப்பினின்றும் நீக்கப்பட்டார். பதின்மூன்றாம் சிங்கராயர் ஆணையால் நிகழ்ந்த விசாரணையில் அவர் குற்றமற்றவர் எனத் தெளிந்தது; 1884இல் மீண்டும் தலைவியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். கீழ்ப்படிதலைப் பிறர்க்குக் கற்பித்தவர், அக்கீழ்ப்படிதலின் கடுமையைத் தாமே நுகர்ந்தறிந்தார்.

பயிற்சியின் படிகள்

இச்சபையின் ஒழுங்குநூல் 1890இல் சோதனை முறையிலும் 1896இல் இறுதியாகவும் உரோமையின் ஒப்புதலைப் பெற்றது. அதே 1890ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சபை முழுமைக்கும் பொருந்தும் ஆணை ஒன்று வெளிவந்தது. மடத்துத் தலைவியர் தமக்குக் கீழுள்ளோரை, அவர்தம் மனச்சான்றின் மறைவுகளைத் தம்மிடம் வெளியிடுமாறு வற்புறுத்துதல் கூடாது என்பது அதன் கருத்து. கீழ்ப்படிவதாக வாக்களித்தவரின் உள்ளத்திலும் தலைவி புகலாகாத ஓர் எல்லை உண்டு என்பதனை இவ்வாணை வரையறுத்தது.

1917இல் வெளியிடப்பெற்ற திருச்சபைச் சட்டத்தொகுப்பு பயிற்சியின் படிகளை மேலும் வகுத்துரைத்தது. துறவு விரும்பிய பெண் முதலில் சில திங்கள் மடத்தில் தங்கி அவ்வாழ்வை அறிவாள். பின்னர் நவதுறவு தொடங்கும். அது ஓராண்டேனும் இடையறாது நடைபெறல் வேண்டும். அவ்வாண்டில் நவகன்னியர் ஏனைக் கன்னியரினின்றும் தனித்து வாழ்வர். அவர்களைப் பயிற்றும் தலைவி 35 வயது நிரம்பியவராயும், முதல் வார்த்தைப்பாடு கொடுத்துப் பத்தாண்டு கழிந்தவராயும் இருத்தல் வேண்டும். நவகன்னியரைப் பயிற்றும் உரிமை அவர் ஒருவர்க்கே உரியது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளையும் முதலில் மூன்றாண்டேனும் வரையறுத்த காலத்துக்கே கொடுப்பர். நிலையான வார்த்தைப்பாடு அதன் பின்னரே.

நவதுறவு ஆண்டில் இலக்கியம், அறிவியல் முதலிய கலைகளைப் பயில்வதில் நவகன்னியர் ஈடுபடலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. பிற்காலத்தில் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போகும் பெண்ணும் அவ்வோராண்டு நூற்கல்வியை விடுத்து, செபத்திலும் தொண்டிலும் தன்னையறிதலிலும் காலங்கழிக்க வேண்டும். கல்வியை வெறுத்தமையால் எழுந்த விதியன்று இது. பட்டமும் புலமையும் மடத்தினுள் உயர்வு தாழ்வை விளைக்காவண்ணம், யாவரும் ஒரே தொடக்கத்தினின்று புறப்படுதல் வேண்டும் என்பதே இதன் பயன் எனக் கருதலாம்.

கூட்டு வாழ்வு

இச்சபையினரின் அன்றாட வாழ்வில் நடுநாயகமாக விளங்குவது நற்கருணை ஆராதனை. கன்னியர் முறைவைத்து நற்கருணைமுன் அமர்ந்து வழிபடுவர். ஒருத்தி எழுந்து செல்ல மற்றொருத்தி வந்தமர்வாள். இம்முறை வழுவின் வழிபாடு தடைப்படும். ஆதலின் ஒவ்வொருவரும் மற்றவரது பொறுப்பை நம்பியே வாழ்தல் இன்றியமையாததாயிற்று. உண்டியும் உடையும் பொது. தனக்கென உழைத்து ஈட்டுவது என ஒன்றில்லை. பல நாட்டினரும் ஒரே மடத்தில் உடனுறைதல் இச்சபையின் சிறப்பியல்பு. 1904ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அம்மையார் மறைந்தபோது, நான்கு கண்டங்களில் 86 மடங்களும் 2,000க்கு மேற்பட்ட கன்னியரும் இருந்தனர். மொழியும் உணவும் பழக்கமும் வேறான பெண்டிர் ஓரடுக்களையில் உண்டு ஒரு தலைவியின்கீழ் வாழ்வதற்கு அன்பு ஒன்றே போதாது. எழுதப்பெற்ற ஒழுங்கும் வேண்டும். மதுரைப் பிரிவு கற்பித்த பாடம் இதுவேயாகும்.

சாந்தோமில் 1947இல் கல்லூரி தொடங்கியபோது மாணவியர் 32 பேரே. 'கடலின் விண்மீன்' எனப் பொருள்படும் அதன் பெயர், அன்னை மரியாளைக் குறிப்பது. கடற்கரையை அடுத்த அவ்விடத்திற்கும் பொருந்துவது. அக்காலத்தில் மயிலை தனி மறைமாவட்டமாகவே இருந்தது. 1952ஆம் ஆண்டிலேதான் அது சென்னையோடு இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயிற்று. கல்லூரி பின்னாளில் கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்து வளர்ந்து, 1987இல் தன்னாட்சி பெற்றது.

மாறியதும் மாறாததும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட துறவு வாழ்வு பற்றிய ஆணை, ஒவ்வொரு சபையும் தன்னைத் தோற்றுவித்தோரின் உள்ளக் கருத்திற்குத் திரும்ப வேண்டும் என்றும், காலத்திற்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தது. 1969இல் வந்த விதிகள், நவதுறவுக் காலத்திலேயே மடத்திற்கு வெளியே பணிப்பயிற்சி பெறவும் இடந்தந்தன. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு நவதுறவை 12 திங்களுக்குக் குறையாமலும் ஈராண்டுக்கு மிகாமலும் வகுத்தது. புகுவோர்க்குரிய குறைந்த வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்தியது. தலைவியர் தம் கீழுள்ளோர் கூறுவதை விருப்புடன் செவிமடுத்தல் வேண்டும் என்பதையும் வெளிப்படையாக விதித்தது. மனச்சான்றைக் காக்க 1890இல் இட்ட வரம்பு மாறாது நிலைபெற்றது.

திருப்பாடுகளின் மரியாவுக்கு 2002ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் உரோமையில் முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலை வழங்கப்பெற்றது. அவர்தம் வாழ்வில் தமிழகத்திற் கழிந்த ஆண்டுகள் சிலவே. எனினும் சபையின் அடிப்படை அவ்வாண்டுகளிலேதான் இடப்பட்டது.

இவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, மயிலைக் கன்னியர் மடத்தின் வரலாற்றை எழுதப் புகுவார் சாந்தோமிலன்றி மதுரையிலும் உதகையிலும் தொடங்குதல் வேண்டும் என்பது. மற்றொன்று, துறவுக் கூட்டத்தின் வலிமை தலைவியின் ஆணையில் மட்டும் இல்லை. அவ்வாணைக்கு இடப்பட்ட வரம்பிலும் உளது என்பது. வேடல் குரத்தியாரின் மாணாக்கியரை அப்பகுதியினரின் அறவுணர்வு காத்தது. அவ்வுணர்வு மங்கியிருப்பின் அவர் நிலை என்னாகியிருக்கும் என்பதற்குக் கல்வெட்டில் விடையில்லை. அத்தகைய வினாவுக்கு எழுத்திலேயே விடை வைக்க முயன்றது 19ஆம் நூற்றாண்டில் தமிழ் மண்ணில் தோன்றிய இச்சபை. வேடலையும் உதகையையும் ஒருங்கு வைத்து நோக்கினால், தமிழகத்துப் பெண் துறவின் வரலாறு சமய எல்லைகளைக் கடந்து தொடர்வதொன்று என்பது புலனாகும்.