உவகையும் கண்ணீரும்: புறநானூறு 277



சங்ககால வீரத்தாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது புறநானூற்றின் 278ஆம் பாடல். மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொல்ல, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடிய தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டு, அக்காலத் தாய்மார் அழவே மாட்டார்கள் என்று பலர் எண்ணிவிட்டோம்.

அதற்கு முந்தைய 277ஆம் பாடலைப் படித்தால் அந்த எண்ணம் மாறும். பாடியவர் பூங்கணுத்திரையார், இவரும் பெண்பாற் புலவரே. ஆறே அடிகள். கொக்கின் இறகுபோல் தலை நரைத்த ஒரு முதியவள். அவள் மகன் போரில் யானையை வீழ்த்தி, தானும் மடிந்தான். அதைக் கேட்ட அவளுக்கு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவள் சிந்திய கண்ணீர், மழைக்குப்பின் மூங்கிலில் தொங்கும் நீர்த்துளிகளைவிட அதிகம்.

இரண்டு உவமைகளையும் கவனியுங்கள். மகிழ்ச்சிக்கு அளவுகோல் பிள்ளை பெற்ற நாள். அது மகிழ்ச்சி மட்டுமே உள்ள நாளா? வலியும் சேர்ந்த நாள் அல்லவா? அடுத்து, கண்ணீருக்கு உவமை பெய்யும் மழை அல்ல, மழை ஓய்ந்தபின் தங்கிய துளிகள். மூங்கில் அசையும்போதெல்லாம் அவை சொட்டிக்கொண்டே இருக்கும். செய்தி வந்த அன்றோடு அவள் அழுகை முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொன்முடியாரின் 312ஆம் பாடலையும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொருவர் கடமையையும் அடுக்கும் பாடல் அது. அதில் இளைஞனின் கடமை, யானையைக் கொன்று திரும்பி வருவது. 277இல் மகன் பாதிக் கடமையை முடித்தான், திரும்பவில்லை. அந்த மறுபாதிக்குத்தான் இந்தக் கண்ணீர்.

277, 278 இரண்டுக்கும் ஒரே துறைதான்: உவகைக் கலுழ்ச்சி. கலுழ்தல் என்றால் அழுதல். மகிழ்ச்சியையும் அழுகையையும் ஒரே பெயரில் கட்டிவைத்தது நம் மரபு. நாம்தான் உவகையை வைத்துக்கொண்டு கலுழ்ச்சியை விட்டுவிட்டோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றுக்குக் கிடைத்த பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்தப் பாடலை நாமேதான் நின்று, நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஒரு ராணுவ வீரரின் உடல் ஊருக்கு வரும்போது, "அழாதேம்மா, நீ வீரத்தாய்" என்று பெற்றவளிடம் சொல்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவள் அழுவதால் மகனின் வீரம் குறைந்துவிடாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முதியவளை யாரும் தடுக்கவில்லை. அவள் பெருமையும் பட்டாள், அழவும் செய்தாள். புலவர் இரண்டையும் எழுதி, கண்ணீரிலேயே பாட்டை முடித்தார்.

பிள்ளைகளுக்கு 278ஐச் சொல்லும்போது 277ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்