அலுவலக மென்பொருள் புகுபதிகைப் பிழைகள்

அலுவலக மென்பொருள் புகுபதிகைப் பிழைகள் என்பவை, ஆவணங்கள், விரிதாள்கள், மின்னஞ்சல் முதலியவற்றைக் கையாளும் மென்பொருள் தொகுதிகளில் பயனர் ஒருவர் தமது கணக்கினுள் நுழைய இயலாதபோது தோன்றும் பிழைகள் ஆகும். இவ்வகைத் தொகுதிகளுள் மிகப் பரவலான மைக்ரோசாப்ட் ஆபிஸ் (தற்போது மைக்ரோசாப்ட் 365) தொகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

இப்பிழைகள் தோன்றும்போது திரை பெரும்பாலும் கடவுச்சொல்லையே மீண்டும் கேட்கும். இதனால் பயனர் தமது நினைவாற்றலையே ஐயுற்றுக் கடவுச்சொல்லை மாற்ற முற்படுவது வழக்கம். ஆயினும் கோளாறு பல வேளைகளில் கடவுச்சொல்லில் இருப்பதில்லை. கணினியில் சேமிக்கப்பட்ட பழைய அனுமதிகள், தவறான கடிகாரம், ஒரே முகவரியில் அமைந்த இரு கணக்குகள், வழங்கியின் பழுது ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். கோளாறு எங்குள்ளது என்று அறியாமல் செய்யப்படும் மாற்றங்கள் சிறிய இடையூற்றைக் கணக்கின் இழப்பாகவே ஆக்கிவிடக்கூடும்.

வரலாறு

முற்கால ஆபிஸ் பதிப்புகள் பல குறுவட்டில் விற்கப்பட்டன. உறையில் அச்சிடப்பட்ட நிறுவல் குறியீட்டை ஒருமுறை தட்டச்சிட்டால் போதுமானதாக இருந்தது. அக்காலத்தில் அலுவலக மென்பொருளில் "புகுபதிகை" என்ற செயலே இல்லை எனலாம்.

இணையச் சேவைகளுக்கான பொதுக் கணக்காகப் பாஸ்போர்ட் என்னும் சேவையை மைக்ரோசாப்ட் 1999 இல் வெளியிட்டது. அதே ஆண்டு திசம்பரில் அச்சேவையின் இணையப் பெயருக்கான புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தப்படாமையால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் தம் அஞ்சல் பெட்டிகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். நிறுவனத்துடன் தொடர்பற்ற நிரலாளர் ஒருவர் 35 டாலர் கட்டணத்தைத் தாமே செலுத்தியதைத் தொடர்ந்து சேவை மீண்டது. அன்று சரியான கடவுச்சொல்லைத் தந்தும் நுழைய முடியாதவர்கள் செய்த பிழை எதுவுமில்லை.

பாஸ்போர்ட் பின்னர் விண்டோஸ் லைவ் ஐடி என்றும், 2012 இல் மைக்ரோசாப்ட் கணக்கு என்றும் பெயர் மாறியது. நிறுவனங்களுக்கான ஆபிஸ் 365 சேவை 2011 சூன் 28 அன்று தொடங்கப்பட்டது. 2013 பதிப்பு முதல் வேர்டு, எக்செல் முதலிய செயலிகளின் உள்ளேயே கணக்குடன் நுழையும் வசதி சேர்க்கப்பட்டது. நிறுவனக் கணக்குகளைச் சரிபார்க்கும் அசூர் ஆக்டிவ் டைரக்டரி 2023 இல் என்ட்ரா ஐடி எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயர்கள் யாவும் பழைய உதவிக் குறிப்புகளில் கலந்து காணப்படுவதால் குழப்பம் நேர்வது இயல்பே.

புகுபதிகை நடைபெறும் முறை

பயனர் தரும் கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் வழங்கிக்கு அனுப்பப்படுவதில்லை. முதன்முறை சரிபார்த்தபின் வழங்கி இரண்டு மின்னணு அனுமதிச்சீட்டுகளை அளிக்கிறது. முதலாவது அணுகல் சீட்டு. நிறுவனக் கணக்குகளில் இது இயல்பாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையே செல்லுபடியாகும். இரண்டாவது புதுப்பிப்புச் சீட்டு. முதலாவது காலாவதியாகும்போது புதியதைப் பெற இது பயன்படுகிறது. இதன் இயல்பான ஆயுள் 90 நாட்கள். இம்முறைக்கு அடிப்படையான ஓஆத் 2.0 நெறிமுறை 2012 அக்டோபரில் வெளியிடப்பட்டது.

கடவுச்சொல் மாற்றப்பட்டாலோ, நிருவாகி அனுமதியை நீக்கினாலோ புதுப்பிப்புச் சீட்டு செல்லாததாகிவிடும். ஆனால் அச்சீட்டு கணினியின் சேமிப்பில் தொடர்ந்து இருக்கும். செயலி அதையே நீட்டுகிறது, வழங்கி மறுக்கிறது, கடவுச்சொல் கேட்கும் சாளரம் தோன்றுகிறது. பயனர் சரியான சொல்லைத் தந்தபின்னும் புதிய சீட்டைச் சேமிப்பதில் தடை இருப்பின் அதே சாளரம் மீண்டும் மீண்டும் வரும். பலரையும் சலிப்படையச் செய்யும் இச்சுழற்சியின் காரணம் இதுவே.

கோளாறின் இடத்தை அறிதல்

எதையும் மாற்றுவதற்கு முன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. இணைய உலாவியில் தனிமுறைச் சாளரம் ஒன்றைத் திறந்து, அதே கணக்கைக் கொண்டு அதே சேவையின் இணையப் பக்கத்தில் நுழைந்து பார்க்க வேண்டும். தனிமுறைச் சாளரம் பழைய நினைவிகளைப் பயன்படுத்தாது. அங்கு நுழைய முடிந்தால் கணக்கு, கடவுச்சொல், வழங்கி ஆகிய மூன்றும் நலமாக உள்ளன. கோளாறு கணினியில் நிறுவப்பட்ட செயலியிலோ அதன் சேமிப்பிலோ உள்ளது. இந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. மாறாக, ஒழுங்காக இயங்கிவந்த கைப்பேசியும் கடவுச்சொல் கேட்கத் தொடங்கும்.

உலாவியிலும் நுழைய முடியாவிடின், அதே நிறுவனத்தைச் சேர்ந்த வேறொருவரால் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவராலும் முடியாவிடின் கோளாறு வலையமைப்பிலோ வழங்கியிலோ இருக்கக்கூடும். அவரால் மட்டும் முடிந்தால் கணக்கையே ஆராய வேண்டும்.

விடுதி, கல்லூரி, தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களின் கம்பியில்லா வலையமைப்பு முதலில் தனது வரவேற்புப் பக்கத்தில் ஒப்புதல் கேட்கும். அதை உலாவியில் முடிக்காமல் செயலியைத் திறந்தால் புகுபதிகைச் சாளரம் வெறுமையாகத் தோன்றலாம்.

ஒரே முகவரி, இரு கணக்குகள்

தனிப்பட்ட கணக்கு, பணி அல்லது கல்விக் கணக்கு என மைக்ரோசாப்ட் கணக்குகள் இருவகைப்படும். இவை வெவ்வேறு தரவுத்தளங்களில் உள்ளவை. ஒன்றன் கடவுச்சொல் மற்றதற்குச் செல்லாது. ஆயினும் நிறுவனம் வழங்கிய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே தனிப்பட்ட கணக்கையும் தொடங்க முன்பு இடமிருந்தது. 2016 செப்டம்பர் முதல், நிறுவனத்தின் இணையப் பெயர் அசூர் ஆக்டிவ் டைரக்டரியில் பதிவாகியிருந்தால் அவ்வாறு புதிதாகத் தொடங்குவது தடுக்கப்பட்டது. அதற்கு முன் தொடங்கப்பட்டவை நீக்கப்படவில்லை.

ஆகவே ஒரே முகவரிக்கு இரு கணக்குகள் உடையோர் உள்ளனர். அவர்களிடம் எந்தக் கணக்கு என்று திரை ஒருமுறை கேட்கும். அங்கு தவறாகத் தெரிவு செய்தால் சரியான கடவுச்சொல்லும் தவறெனக் காட்டப்படும். கடவுச்சொல் ஏற்கப்பட்டாலும் கோப்புகளோ உரிமமோ காணப்படாமல் போகலாம். கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்சுவோர் உண்டு. அவை மற்றக் கணக்கில் அப்படியே இருக்கும். தனிப்பட்ட கணக்கிற்கு வேறொரு முகவரியைச் சேர்த்து, அதை முதன்மை முகவரியாக்கி, பின்னர் நிறுவன முகவரியை அக்கணக்கிலிருந்து நீக்குவதே நிலையான தீர்வாகும்.

கல்விக் கணக்கும் அதிலுள்ள கோப்புகளும் கல்வி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. படிப்பு முடிந்தபின் கணக்கு முடக்கப்படலாம் அல்லது நீக்கப்படலாம். நீக்கப்பட்ட கணக்கை நிருவாகி 30 நாட்களுக்குள் மீட்க இயலும், அதன்பின் இயலாது. ஆய்வேட்டை அக்கணக்கில் மட்டும் வைத்திருக்கும் மாணவர் வெளியேறும் முன்பே வேறிடத்தில் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது.

சேமிக்கப்பட்ட பழைய அனுமதிகள்

விண்டோசில் கட்டுப்பாட்டுப் பலகத்தின் நற்சான்று மேலாளர் பகுதியிலும், மேக் கணினிகளில் சாவிக்கொத்து என்னும் செயலியிலும் ஆபிசின் அனுமதிகள் சில சேமிக்கப்படுகின்றன. எல்லா ஆபிஸ் செயலிகளையும் மூடிவிட்டு, பெயரில் "மைக்ரோசாப்ட் ஆபிஸ்" எனத் தொடங்கும் பதிவுகளை மட்டும் நீக்கி, கணினியை மீளத் தொடங்கி மீண்டும் நுழைந்தால் சுழற்சி நிற்பதுண்டு. பிற பதிவுகளை நீக்கலாகாது. அவை வேறு செயலிகளுக்கும் வலையமைப்பு வட்டுகளுக்கும் உரியவை.

இதைச் செய்யுமுன் பதிவேற்றம் நிலுவையிலுள்ள கோப்புகளைக் கணினியின் வேறொரு அடைவில் படியெடுக்க வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறும்போது, ஒன்ட்ரைவுக்குச் சென்று சேராத திருத்தங்கள் இழக்கப்படலாம். உதவிக் குறிப்புகள் பலவற்றில் இவ்வெச்சரிக்கை கடைசியில் வருவது வருந்தத்தக்கது.

விண்டோஸ் 10 முதல் இவ்வனுமதிகளின் மறையாக்கச் சாவிகள் டிபிஎம் எனப்படும் பாதுகாப்புச் சில்லில் வைக்கப்படலாம். கணினியின் தாய்ப்பலகை மாற்றப்பட்டால் சில்லும் மாறுகிறது. பழைய சாவிகள் கிடைக்காமையால் 80090016 என்னும் பிழை தோன்றும். பழுது பார்த்துத் திரும்பிய மடிக்கணினியில் இவ்வெண் தோன்றினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அமைப்புகளில் அக்கணக்கின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் சேர்க்க வேண்டும்.

கடிகாரமும் நேர வலயமும்

அனுமதிச்சீட்டு ஒவ்வொன்றிலும் அது செல்லுபடியாகத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் குறிக்கப்படுகின்றன. நிறுவன வலையமைப்புகளில் பயன்படும் கெர்பரோசு நெறிமுறையில் விண்டோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு ஐந்து நிமிடங்கள் மட்டுமே. இரு-படிச் சரிபார்ப்பில் கைப்பேசிச் செயலி காட்டும் ஆறிலக்க எண் பொதுவாக 30 நொடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. இதுவும் நேரத்தைக் கொண்டே கணிக்கப்படுவதால், கைப்பேசியின் கடிகாரம் சில நிமிடங்கள் பிந்தியிருந்தாலும் எண் ஏற்கப்படாது.

கடிகாரம் சரியாகத் தோன்றுவது மட்டும் போதாது. நேர வலயம் அமெரிக்காவுக்குரியதாக இருக்கையில், திரையில் சென்னை நேரம் தெரியுமாறு கையால் திருத்தியிருப்பின், பார்வைக்கு நேரம் சரி. உள்ளே கணிக்கப்படும் உலக நேரமோ பல மணி நேரம் பிசகியிருக்கும். ஒரே கணினியில் லினக்சும் விண்டோசும் நிறுவியிருப்போருக்கு மற்றொரு சிக்கல் உண்டு. வன்பொருள் கடிகாரத்தை லினக்சு பொதுவாக உலக நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால், இந்தியாவிலும் இலங்கையிலும் விண்டோசின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்திவிடும். பிசகு சரியாக ஐந்தரை மணி நேரம் எனில் காரணம் ஏறத்தாழ உறுதி. வலயத்தைச் சரிசெய்து, நேரத்தைத் தானாக ஒத்திசைக்க விடுவதே தீர்வு.

பழைய பதிப்புகள்

ஆபிஸ் 2010 புதிய சரிபார்ப்பு முறையை அறியாது. 2013 பதிப்பில் அது இருந்தும் இயல்பாக முடக்கப்பட்டிருந்தது. 2016 பதிப்பிலேயே இயல்பானதாயிற்று. கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பும் பழைய முறையை நிறுவன மின்னஞ்சல் சேவையில் 2022 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக் 2010 இல் அதன்பின் கடவுச்சொல் சாளரம் ஓயாது தோன்றினால் பதிப்பை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

பிழை எண்கள்

நிறுவனக் கணக்குகளின் பிழைகள் ஏஏடிஎஸ்டிஎஸ் எனத் தொடங்கும் எண்ணால் குறிக்கப்படுகின்றன. பயனர் காணும் வாசகத்தைவிட இவ்வெண்ணே தெளிவானது. 50126 என்பது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்பதைக் குறிக்கும். உண்மையான கடவுச்சொல் பிழை இதுவே. 50034 அப்பெயரில் கணக்கே இல்லை என்பதையும், 50055 கடவுச்சொல் காலாவதியானதையும், 50057 கணக்கு முடக்கப்பட்டதையும் குறிக்கின்றன. 53003 தோன்றினால் கடவுச்சொல் ஏற்கப்பட்டிருக்கும். ஆனால் இடம், கருவி முதலியன குறித்து நிறுவனம் வகுத்த விதி தடுக்கிறது. இதை நிருவாகியன்றி வேறெவரும் நீக்க இயலாது.

50053 என்பது பெரும்பாலும் பலமுறை தவறாக முயன்றதால் கணக்கு பூட்டப்பட்ட நிலை. இயல்பான அமைப்பில் பத்துத் தவறுகளுக்குப்பின் ஒரு நிமிடம் பூட்டப்படும். தொடர்ந்து முயன்றால் கால அளவு நீளும். ஒரே தவறான சொல்லை மீண்டும் தருவது புதிய தவறாக எண்ணப்படுவதில்லை. விதவிதமாக ஊகித்து முயல்வதே கணக்கைப் பூட்டுகிறது. ஊகிக்கத் தொடங்குமுன் விசைப்பலகையைப் பார்ப்பது நன்று: பேரெழுத்து விசை அழுந்தியிருந்தாலும், இ-கலப்பை போன்ற செயலி தமிழ் நிலையில் விடப்பட்டிருந்தாலும், கடவுச்சொல் கட்டத்தில் தெரிவது புள்ளிகள் மட்டுமே.

வழங்கியின் பழுது

2020 செப்டம்பர் 28 அன்று, உட்சோதனைக்கென அமைந்த இற்றைப்படுத்தல் ஒன்று தவறுதலாக நேரடிச் சேவையில் இடப்பட்டதால் பல நாடுகளில் புகுபதிகை தடைப்பட்டது. 2021 மார்ச் 15 அன்று, தக்கவைக்கப்பட வேண்டிய மறையாக்கச் சாவி ஒன்றைத் தானியங்கி முறை நீக்கிவிட்டதால் அனுமதிச்சீட்டுகள் ஏற்கப்படாமல் போயின. இத்தகைய வேளைகளில் செயலியை அழித்து மீண்டும் நிறுவுவோருக்குப் பழுது நீங்கியபின் கூடுதல் வேலையே மிஞ்சும்.

கோப்புகளின் நிலை

புகுபதிகை தடைப்படுவதால் கணினியில் உள்ள கோப்புகள் அழிவதில்லை. சந்தா வகை ஆபிஸ் 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் இணையம் வழியே உரிமத்தை உறுதி செய்ய வேண்டும். அது நடைபெறாவிடின் ஆவணங்களைத் திறக்கவும் அச்சிடவும் மட்டும் இயலும்; திருத்த இயலாது. தேர்வு, விண்ணப்பம் போன்ற அவசர வேளைகளில் அதே கோப்பைக் கணக்கு எதுவும் தேவைப்படாத லிப்ரே ஆபிசில் திறந்து திருத்தலாம். பக்க அமைப்பில் சிறு மாறுதல்கள் நேரக்கூடும்.

கணக்கு மீட்பும் போலி உதவியும்

தனிப்பட்ட கணக்கின் மீட்புத் தொலைபேசி எண், மாற்று மின்னஞ்சல் ஆகிய பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். திருடியவர் உடனே கணக்கைக் கைப்பற்றாதிருக்கவே இவ்விதி. எண்ணை இழந்த உரியவருக்கும் இது பொருந்தும். இக்கால இடைவெளியைப் பயன்படுத்தி, கணக்கை உடனே மீட்டுத் தருவதாகக் கூறிப் பணமும் கணினியின் தொலைக்கட்டுப்பாடும் கேட்போர் உள்ளனர். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பை அனுப்பவோ, கணக்கு விவரங்களை மாற்றவோ தமது உதவிப் பணியாளர்களுக்கே அனுமதி இல்லை என மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. நிறுவனக் கணக்காயின் அந்நிறுவனத்தின் நிருவாகி கடவுச்சொல்லையும் இரு-படிச் சரிபார்ப்பையும் மீளமைக்க இயலும்.